நீரோடி ஐஸ் கம்பெனி, இரவு ஷிப்ட்

கட்டியின் நடு எப்போதும் வெளுத்திருக்கும்.
ஓரமெல்லாம் கண்ணாடி, நெஞ்சில் மட்டும் பால்.
உறைகிற தண்ணீர் தன் உப்பை
உள்ளே உள்ளே தள்ளிக்கொண்டு போய்
தள்ள இடமில்லாத இடத்தில் விட்டுவிடுகிறது.
பதினோரு வருஷமாய்க் கேன் தூக்குகிறேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை,
எமரன்சியைத் தவிர.

எமரன்சி என் தங்கச்சி.
உலகத்தின் தென்கோடியில் ஒரு கப்பலில் இருக்கிறாள்.
கம்பியில் குப்பி கோத்துக் கடலுக்குள் இறக்கி
ஆழத்துக்கு ஆழம் தண்ணீர் மொண்டு
உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு என்று எழுதும் வேலை.
வாரத்துக்கொரு வாய்ஸ் மெசேஜ். அதில் பாதி காற்று.

"அண்ணா, இங்க தண்ணி முங்க மாட்டேங்குது."

தண்ணீர் எதில் முங்கும்?
வலை முங்கும், வள்ளம் முங்கும்,
செபாஸ்தியான் முங்கினான், ஒக்கி வருஷம்.
தண்ணீர் எதில் முங்கும்?

அடுத்த மெசேஜில் சொன்னாள்:
உன் கட்டியைப் போலத்தான் அண்ணா,
கடல் உறையும்போது உப்பை வெளியே தள்ளும்.
உப்பேறிய தண்ணீர் கனத்து
மேலிருந்து மூச்சையும் எடுத்துக்கொண்டு
அடித்தரைக்கு இறங்கும். அங்கிருந்து நடக்கும்.
நம்ம கடலுக்கு அடியிலும் ஒருநாள் வந்து சேரும்,
நம்மில் யாரும் இருக்க மாட்டோம்.
இப்போ நிலத்துப் பனி உருகி
நல்ல தண்ணி மேலே பாய் விரிச்ச மாதிரி கிடக்கு.
இறங்க வேண்டியது இறங்கல.
பாய்க்கு அடியில வெதுவெதுப்பு நிக்குது,
அது போய்ப் பனியோட காலைத் தின்னுது.

ராத்திரி ஒரு டப்பில் கடல்நீர் மொண்டு வைத்தேன்.
உடைந்த கட்டி ஒன்றை அதில் மிதக்கவிட்டு
வேட்டிக்குப் போடும் சொட்டு நீலம்
அதன் தலையில் நாலு துளி.
"எந்தா சேட்டா, பிராந்தாணோ?" என்றான்
பொழியூரிலிருந்து லோடுக்கு வரும் ஷிபு.
நீலம் உருகி வழிந்தது, பரந்தது.
ஒரு விரல் கனத்துக்கு மேலேயே நின்றது.
அடியில் ஒரு பொட்டு நீலம் இல்லை.
ஷிபு கை விட்டுப் பார்த்தான்.
இடவப்பாதியில் பொழி முறியும்போது
இப்படித்தான் என்றான்:
மேலே நெய்யாறு, குடிக்கலாம்;
குதித்தால் கண் எரியும்.

இரண்டேகாலுக்குக் கரண்டு போனது.
எங்கள் பக்கம் மட்டும்.
அந்தப் பக்கம், கேரளத்துத் தெருவிளக்குகள்
ஒன்றும் நடக்காதது போல் எரிந்தன.
அஜிட்டேட்டர் நின்றது.
அது ஓடும்போது அதன் சத்தம் காதில் விழுவதில்லை.
தொட்டியில் உப்புநீர் இருக்கிறது, குளிர் இருக்கிறது,
கலக்குவதற்குத்தான் ஒன்றுமில்லை.
குளிர் நின்ற இடத்தில் நிற்கும்.
சுருளை ஒட்டிய கேன் உறையும்,
எதிர் மூலைக் கேன் வெறும் தண்ணீராய்க் காத்திருக்கும்.

டீசல் இல்லை. முதலாளி போனை எடுக்கவில்லை.
ஒரு கழையை எடுத்து நான் கலக்கினேன்.
ஷிபு ஒரு துடுப்பைக் கொண்டுவந்தான்.
நாற்பதடித் தொட்டியில் இரண்டு ஆள்
பாயசம் கிண்டுவது போல் கிண்டினோம்.
சிரிப்பு வந்தது. தோள் விட்டுப்போனது.
நடுவில் நிறுத்தி எமரன்சிக்குக் கேட்டு அனுப்பினேன்:
அங்க எத்தனை அடி தொட்டி?
ஒற்றை டிக்கோடு நின்றது.

நாலு மணிக்கு ஜெரால்ஸ் வள்ளத்துக்கு நாற்பது கட்டி.
பதினெட்டுதான் தேறியது.
அதிலும் ஒன்றைத் தட்டிப் பார்த்தவன்
சத்தம் சரியில்லை என்று குத்தூசியால் குத்தினான்.
நடு உறையவே இல்லை.
ஓட்டை வழியாக அவன் கையில் ஒழுகியது.
நக்கிப் பார்த்தான்.
"கரிக்குதுலே" என்றான்.

விலையைக் குறைத்துக்கொண்டேன்.